எட்டாவது கிண்ணமும் ஏழு சோடிச் சப்பாத்தும்

நான் சுலோவாக்கியா தேசத்துக்குப் போனது மனிதர் காலை அளவெடுக்கப் பழகுவதற்கு. வேறு பெரிய நோக்கம் ஒன்றும் இல்லை. புறப்படுமுன் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் சந்நிதியில் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டேன். என் பெண்சாதி கோயில் வாசலிலேயே கேட்டாள்: “இஞ்ச பாருங்க, கால் புடிச்சுப் பழகுறதுக்கு இவ்வளவு தூரம் போகணுமா? எங்கட ஊரில இல்லாத காலா?”

 அவள் கேட்டது நியாயமான கேள்வி.

விஷயம் இதுதான். மட்டக்களப்புப் பட்டினத்தில் நான் வேலை செய்த சப்பாத்துக் கடைக்குச் சாமான் அனுப்பும் கம்பனி, கடையிலிருந்து ஒரு ஆளைத் தன் தொழிற்சாலைக்கு அனுப்பும்படி எழுதியிருந்தது. இரண்டு மாதம் பழகி, அங்கேயுள்ள போர்மன் கையெழுத்து வைத்த பத்திரத்தோடு திரும்பினால் கடைப் பொறுப்பு அந்த ஆளுக்கு. போக இருந்தவர் முதலாளியின் மருமகன். பெட்டி கட்டிய பிறகு அவருக்கு அம்மாள் வருத்தம் கண்டது. உடம்பெல்லாம் முத்துப் போட்டுவிட்டது. அடுத்தபடியாக ஐந்தாம் வகுப்பு இங்கிலீசு படித்தவன் நான்தான். கண்ணகை அம்மாளே அவரை நிறுத்தி என்னை அனுப்பினாள் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். மருமகன் அப்படி நம்பவில்லை.

கப்பலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பாதி நாள் நான் படுத்திருந்தேன். மற்றப் பாதி நாள் கடல் நேற்றுப் போலவே இருந்தது.

கடைசி றெயிலில் ஒரு தரிப்பு முன்னதாகவே இறங்கிவிட்டேன். அந்தத் தேசத்து ஊர்ப் பெயர்கள் பலகையில் எழுதியிருந்தால் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். சிவப்புத் தொப்பி போட்ட ஸ்டேஷன் மாஸ்டர் என் கையிலிருந்த கடிதத்தை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார். மனைவி அயல்வீட்டாரைக் கூப்பிட்டாள். அடுத்த றெயில் வருமுன் பதினொரு பேர் என் கடிதத்தைப் படித்து முடித்தார்கள். ஒருவர் என் கையைத் தொட்டுப் பார்த்து, தன் விரலில் ஏதாவது நிறம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். ஒட்டவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். பாண் ரொட்டியும் வெங்காயமும் தந்து, சாமான் பெட்டியில் வாத்துக் கூடைகளுக்கு நடுவே ஏற்றி அனுப்பினார்கள். நல்ல சனம்.

தொழிற்சாலையில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் யோசப் என்னும் போர்மன். ஐம்பது வயது, மீசை, தடித்த கழுத்து. பன்னிரண்டு வருஷம் அமெரிக்காவில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். அவருடைய இங்கிலீசு சுரங்கத்து இங்கிலீசு. என்னுடையது ஐந்தாம் வகுப்பு இங்கிலீசு. அவருக்குத் தெரியாத சொற்கள் எனக்கும் தெரியாதபடியால் எங்களுக்குள் கருத்து வேற்றுமை வரவில்லை. என் பெயரை ஒருநாள் சொல்லிப் பார்த்தார். மறுநாளிலிருந்து “சிலோன்” என்றே கூப்பிட்டார். அங்கே நான் கேட்ட பேச்சையெல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். வேறு பேச்சு எனக்கு வராது.

நான் தங்கியது சூசன்னா என்னும் விதவை அம்மாள் வீட்டில். அவருக்கு ஒரே மகள், ஈவா, இருபது வயது. தொழிற்சாலையில் தையல் பகுதியில் வேலை. அவள் என்னை “ஊயோ” என்றாள். அது தாயின் சகோதரனைக் கூப்பிடும் சொல்லாம். எங்கள் பகுதியில் தாய்மாமனுக்கு என்ன மரியாதை உண்டென்று தெரிந்தா கூப்பிட்டாள், தெரியாமலா என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் காரியத்தில் எனக்கும் ஒரு பொறுப்பு வந்ததுபோல் இருந்தது.

சாப்பாட்டில் முதல் கிழமை கஷ்டம். பன்றியும் மாடும் வேண்டாம் என்று கையால் காட்டினேன். எனக்கு வயிற்றில் ஏதோ நோய் என்று சூசன்னா அம்மாள் முடிவு செய்து, கசகசாவும் சீனியும் தூவிய மாவுப் பட்டிகளைத் தந்தார். காலையில் அது, மாலையில் அது. நாலாம் நாள் அவித்த உருளைக்கிழங்கும் ஒரு கோப்பை புளித்த பாலும் வைத்தார். நான் அதை வாயில் வைத்ததும் எங்கள் எருமைத் தயிர் நினைவு வந்து, கண் கலங்கிவிட்டது. அவ்வளவு கெட்டி இல்லை. மண் சட்டி வாசமும் இல்லை. இருந்தாலும் தயிர் தயிர்தான். நான் அழுவதைக் கண்ட சூசன்னா அம்மாள் பால் கெட்டுப்போயிற்று என்று நினைத்துக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தொழிற்சாலைச் சாப்பாட்டு மண்டபத்தின் சுவரில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. கைப்பந்துக் கழகம், ஆடுகிறவர்கள் எல்லோரும் பெண்கள். மத்தியானம் சூப்புக் குடித்துக்கொண்டே போர்மன் எனக்கு ஒவ்வொரு படமாக விளக்கினார். அவர்தான் கழகத்தின் பயிற்சியாளர் என்பது எனக்கு மூன்றாம் படத்திலேயே விளங்கிவிட்டது.

முதல் படத்தில் நீண்ட பாவாடை கட்டிய ஒன்பது பெண்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. அந்த வருஷம் எல்லா ஆட்டத்திலும் தோல்வி. இரண்டாம் வருஷம் ஒரே ஒரு வெற்றி; அதுவும் எதிர்க் கட்சியார் வந்த றெயில் பிந்தியதால் கிடைத்தது. அதன்பிறகு போர்மன் அமெரிக்காவிலிருந்து வந்தார். தோலை இழுத்து இழுத்துத் தைக்கிற பெண்களுக்கு மணிக்கட்டில் இருக்கும் பலத்தை அவர்தான் கண்டுபிடித்தாராம். பாவாடை முழங்காலுக்கு ஏறியது. கழகம் மூன்றாம் இடத்துக்கு வந்தது, பிறகு இரண்டு வருஷம் இரண்டாம் இடம், பிறகு கிண்ணம். ஒன்றல்ல, தொடர்ந்து ஏழு வருஷம் ஏழு கிண்ணம். ஏழாவது கிண்ணத்தின் படத்துக்குப் பக்கத்தில் வெறும் ஆணி ஒன்று அறைந்திருந்தது. யாரோ அதில் தொப்பியை மாட்டியிருந்தார்கள். போர்மன் எழுந்து போய்த் தொப்பியை எடுத்து வெளியே எறிந்துவிட்டு வந்து மிச்சச் சூப்பைக் குடித்தார்.

அன்று மாலை பயிற்சி பார்க்கப் போனேன். பெண்பிள்ளைகள் முழங்காலுக்கு மேலே காற்சட்டை போட்டு ஓடினார்கள். நான் கால் பாதத்தை மட்டும் பார்த்தேன். என் தொழிலும் அதுதான். ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். மைதானத்தைக் கோடு போட்டு மூன்றாகப் பிரித்திருந்தார்கள். இன்னார் இந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது என்று கட்டுப்பாடு. எங்கள் கிளித்தட்டு ஞாபகம் வந்தது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று அடிக்கு மேல் ஓடக்கூடாது, எறிந்துவிட வேண்டும். கிடைத்த பொருளை நெடுநேரம் கையில் வைத்திருக்கக்கூடாது என்ற விதி ஆன்மாவுக்கும் நல்லது என்று போர்மனிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

ஈவா அந்த வருஷந்தான் புதிதாகக் கோல் காக்க நின்றாள். ஏழு வருஷம் காத்தவள் கலியாணம் முடித்துப் போய்விட்டாள். என் நான்காம் கிழமையில் நடந்த ஒரு ஆட்டத்தில் ஈவாவின் இரண்டு காலுக்கும் நடுவே பந்து உருண்டு போய்விட்டது. கழகம் வென்றதென்னவோ உண்மை. ஆனால் ஊர் அந்தப் பந்தை மறக்கவில்லை. சூசன்னா அம்மாள் என்னிடம் வந்து குறைப்பட்டார். எனக்குப் பாதிதான் விளங்கும், ஆனால் இதை ஈவாவே சைகையோடு விளக்கியபடியால் முழுவதும் விளங்கியது.

“தம்பி, கடைக்குப் போக ஏலாம இருக்கு. பாண் வாங்கப் போனா, ‘உங்கட மகள் இப்ப காலைச் சேர்த்து வைக்கப் பழகிட்டாளா?’ எண்டு கேக்கிறாங்க.”

கடைசி ஆட்டம் ஆற்றுக்கு அப்பாலுள்ள பட்டினத்தில். சீனி ஆலைப் பெண்களோடு. நாலு வருஷமாக இரண்டாம் இடத்தில் நிற்கிறவர்கள். புள்ளியில் அவர்கள் முந்தியிருந்தபடியால் சமன் வந்தாலும் கிண்ணம் அவர்களுக்கு. வென்றால் மட்டுமே எங்களுக்கு. தோற்றால் அடுத்த வருஷம் கோலில் வேறொருத்தி என்று போர்மன் சொல்லிவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். கடைசி ஆட்டத்துக்கு ஏழு பேருக்கும் புதுக் கன்வஸ் சப்பாத்துக் கொடுப்பது வழக்கம் என்றும், இந்த முறை அளவெடுப்பது நான் என்றும், அதுவே என் சோதனை என்றும் சொன்னார். சப்பாத்துச் சரியாக இருந்தால் பத்திரத்தில் கையெழுத்து.

அதுவரை நான் மரக்காலில் அளவெடுத்துத்தான் பழகியிருந்தேன். தொழிற்சாலையில் மரத்தால் செதுக்கிய கால்கள் வரிசையாக இருக்கும். நாடாவைச் சுற்றிப் பிடித்து ஐந்து இடத்து அளவை எழுத வேண்டும். அதில் நான் பிழை விட்டதில்லை. இப்போது ஏழு பெண்களும் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, மேசு என்னும் தடித்த காலுறை போட்ட உயிருள்ள காலை நீட்டினார்கள். நான் மனதுக்குள் பிள்ளையாரை நினைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

இங்கே எங்கள் கடை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதிச் சனம் சிறுவயது முதல் வட்டையில், நெல் வயற் சேற்றில், வெறுங்காலோடு நடந்து வளர்ந்தவர்கள். பெருவிரல் ஒரு திசை பார்க்கும், சின்னவிரல் ஒரு திசை பார்க்கும். எழுதின அளவுக்கே சப்பாத்துக் கொடுத்தால் மூன்றாம் நாள் பக்கத்தைக் கத்தியால் கீறிப் போட்டுக்கொண்டு வந்து, கீறினபடியே திருப்பித் தருவார்கள். ஆகையால் நான் அளவெடுத்ததும் விரல் நுனியில் என் சுட்டுவிரலை வைத்து, அதன் தடிப்பையும் கூட்டி எழுதுவேன். பல வருஷப் பழக்கம். நான் செய்வதில்லை, கை தானாகச் செய்யும். மரக்காலில் கை அதைச் செய்யவில்லை. உயிருள்ள காலைக் கண்டதும் செய்துவிட்டது. பதினான்கு காலுக்கும் செய்தது. எனக்கு அது தெரியவே இல்லை.

என் கணக்கின்படி வேறு ஆட்கள் வெட்டினார்கள், தைத்தார்கள், றப்பர் ஒட்டினார்கள். ஏழு சோடியும் ஒரு பெட்டியில் வைத்து ஆணி அறைந்து மூடப்பட்டது. அந்தப் பெட்டியை மைதானத்தில்தான் திறக்க வேண்டும் என்பது கழகத்தின் நம்பிக்கை. முதல் கிண்ணம் வென்ற நாளில் தற்செயலாக அப்படி நடந்ததாம். அதன்பிறகு அது சாஸ்திரமாகிவிட்டது. வெள்ளைக்காரருக்கும் சாஸ்திரம் உண்டென்று கண்டு எனக்கு அவர்கள் மீது மரியாதை கூடியது.

ஆட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் கண்ணகை அம்மனின் கோபத்தைத் தணிக்கும் குளிர்த்திச் சடங்கு நடக்கும் நாள். வைகாசிப் பூரணை. பிறந்தது முதல் நான் அம்மாள் சந்நிதியில் இல்லாத குளிர்த்தி அதுவே. ஒரு செம்பில் தண்ணீர் வைத்து வேப்பிலை இட்டுக் கும்பிடலாம் என்றால் அந்தத் தேசத்தில் வேம்பு இல்லை. கசப்பான இலை ஏதாவது போதும், அம்மாள் பொறுப்பாள் என்று நினைத்து, விடியற்காலை ஆற்றோரம் போய் ஒவ்வொரு மரத்து இலையாகக் கடித்துப் பார்த்தேன். ஆறாவது மரம் கசந்தது. திரும்பிப் பார்த்தால் சூசன்னா அம்மாள் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். அன்று காலை எனக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கசகசாப் பட்டி கிடைத்தது.

செம்பின் முன்னே இருந்து இரண்டு காரியம் கேட்டேன். ஈவாவின் கால் சேர்ந்து நிற்க வேண்டும். என் பத்திரத்தில் கையெழுத்து விழ வேண்டும்.

தொழிற்சாலை லொறியில் வாங்குகள் போட்டு, சூசன்னா அம்மாள் உட்பட எல்லோரும் ஏறினோம். பனி உருகிய வெள்ளத்தில் பாலம் பழுதாகிப் போனபடியால் ஆற்றைத் தெப்பத்தில் கடக்க வேண்டியிருந்தது. எங்கள் மண்முனைத் துறையில் லொறி, மாடு, மனிதர் எல்லாவற்றையும் வாவிக்கு அக்கரை ஏற்றும் ‘பாதை’ போலவே ஒன்று. நடு ஆற்றில் கயிறு கப்பியில் இறுகி நின்றுவிட்டது. எங்கள் ஊரென்றால் இந்த நேரத்தில் வெற்றிலைப் பை அவிழும். ஒரு கலியாணமாவது பேசி முடிப்பார்கள். இவர்கள் மணிக்கூட்டைப் பார்த்தார்கள். போர்மன் தெப்பக்காரனைச் சுரங்கத்து இங்கிலீசில் ஏசினார். தெப்பக்காரனுக்கு விளங்காதபடியால் இருவருக்கும் சுகமாக இருந்தது.

பெண்கள் விளிம்பில் உட்கார்ந்து, பழைய சப்பாத்தையும் மேசுகளையும் கழற்றிவிட்டுக் காலைத் தண்ணீரில் தொங்கவிட்டார்கள். அப்போதுதான் முதன்முதலாக அவர்களுடைய வெறுங்காலைப் பார்த்தேன். பதினான்கு கால். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வாழைச் சீப்பைப்போல் அடங்கி இருந்தன. பால்குடி மறந்த நாளிலிருந்து சப்பாத்துக்குள் வளர்ந்த கால். அதில் ஒரு விரலும் வேறு திசை பார்க்கவில்லை.

என் சுட்டுவிரல் தானாக அசைந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

போர்மனிடம் சொல்ல எழுந்தேன். அவர் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். அவர் முடிக்கட்டும் என்று இருந்தேன். அவர் முடித்தார். வியர்வை துடைக்கட்டும் என்று இருந்தேன். துடைத்தார். அதன்பிறகு அக்கரை வந்துவிட்டது. நான் அம்மாளிடம் மட்டும் சொன்னேன். அம்மாளிடம் சொல்வது எளிது. அவள் பத்திரத்தில் கையெழுத்து வைக்கிறவள் அல்ல. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நடந்தது அதுதான்.

மைதானத்தைச் சுற்றிச் சனம். முன் வரிசையில் கறுத்தத் தொப்பியோடு எங்கள் தொழிற்சாலை டிரெக்டர் துரை. பெட்டியை உடைத்தார்கள். பெண்கள் சப்பாத்தைப் போட்டார்கள். ஒருத்தியும் ஒன்றும் சொல்லவில்லை. புதுச் சப்பாத்தைக் குறை சொன்னால் துர்க்குறியாம். ஈவா மட்டும் காலை நிலத்தில் இரண்டுமுறை தட்டி, என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைவிட அவள் என்னை ஏசியிருக்கலாம்.

ஏழு வருஷம் வென்ற கழகம் வரம்பில் நடக்கும் எருமைக் கன்றுபோல் ஓடியது. ஒருத்தி தடுக்கி விழுந்தாள். இன்னொருத்தி நின்று திரும்பும்போது கால் நின்றது, சப்பாத்துத் திரும்பியது. “என்ன, இண்டைக்கு உங்கட அக்காமார்ர சப்பாத்தையா போட்டு வந்தீங்க?” என்று சீனி ஆலைச் சனம் கேட்டது. பாதி நேரத்தில் சப்பாத்துக் கயிற்றை இறுக்கி இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள். இவ்வளவுக்கும் மணிக்கட்டுப் பலம் அவர்களைக் கைவிடவில்லை. ஒரு நிமிஷம் மிச்சம் இருக்கும்போது எங்கள் பக்கம் ஏழு, அவர்கள் பக்கம் ஆறு.

அப்போது சீனி ஆலைத் தலைவி ஹெலெனா பந்தோடு வந்தாள். பனை உயரம். மூன்றாம் அடியில் எறிந்தாள். பந்து வலது மூலைக்குத் தாழ்ந்து வந்தது. ஈவா இடது காலை ஊன்றி வலது காலை வீசித் தாவினாள். கால் போய்ச் சேரவில்லை. சப்பாத்துப் போய்ச் சேர்ந்தது. காலை விட்டுக் கழன்று பறந்து, பந்தின் விலாவில் பட்டது. பந்து கம்பத்துக்கு வெளியே போயிற்று. சப்பாத்துக் கோலுக்குள் போயிற்று.

 எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

நடுவர் குள்ளமான, கண்ணாடி போட்ட மனிதர். சட்டைப் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து இரண்டு முறை புரட்டினார். அதில் சப்பாத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. அவரே ஒரு முடிவு சொன்னார்: தானாகக் கழன்றிருந்தால் குற்றமில்லை. பந்தைத் தடுக்க வேண்டுமென்றே கழற்றி எறிந்திருந்தால் எதிர்ப் பக்கத்துக்குத் தண்டனை எறி. அதாவது ஹெலெனா தனியாக நின்று எறிவாள்; ஈவா தனியாகத் தடுக்க வேண்டும். ஈவா ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு நின்றாள். “எறிஞ்சாள், எறிஞ்சாள்” என்று அந்தப் பக்கத்துச் சனம் ஒரே குரலாகச் சொன்னது. நடுவர் அவளிடம் கேட்டார். அவள் இல்லை என்றாள். சரியாக அளவெடுத்துக் கயிறு கட்டிய சப்பாத்து எப்படித் தானாகக் கழலும் என்று நடுவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு அந்த மைதானத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் விடை தெரியும்.

நான் எழுந்து உள்ளே போனேன். பக்தியால் எழுந்தேனா, பயத்தால் எழுந்தேனா என்று சொல்லத் தெரியாது. போர்மனைக் கூப்பிட்டு, சப்பாத்துப் பெரிது என்றும், ஏழு சோடியும் ஒரு விரல் பெரிது என்றும், கூட்டி எழுதியவன் நான் என்றும், இதை நடுவருக்குச் சொல்லும்படியும் கேட்டேன்.

போர்மன் என்னைப் பார்த்தார். பிறகு முன் வரிசையில் இருந்த கறுத்தத் தொப்பியைப் பார்த்தார். மெதுவாகச் சொன்னார்:

“சிலோன், இதை நான் நடுவருக்குச் சொன்னா, மறுகா உன்ட பத்திரத்தில நான் கையெழுத்து வைக்க ஏலா. விளங்குதா?”

“விளங்குது.”

“சொல்லவா?”

“சொல்லுங்க, ஐயா.”

அவர் நடுவர் பக்கம் திரும்பி உரத்த குரலில் சொன்னார். சனம் அடங்கியது. நான் சொன்னதைவிட அவர் சொன்னது நீளமாக இருந்தது. பிறகு ஈவாதான் எனக்குச் சைகையால் காட்டினாள்: போர்மனைச் சுட்டி, பெட்டி மூடியை மூடுவதுபோல் கையை வைத்து, தன் நெஞ்சில் தட்டினாள். சரிபார்க்காமல் பெட்டியை மூடியது தன் குற்றம் என்று அவரும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். டிரெக்டர் துரையின் காது கேட்கச் சொல்லியிருக்கிறார்.

நடுவர் எளிதில் நம்பவில்லை. உங்கள் ஆள் உங்களுக்குச் சாதகமாகத்தானே சொல்வான் என்றார். நியாயந்தான். கழன்ற சப்பாத்தை ஈவாவைத் திரும்பப் போடச் சொல்லி, ஏழு பெண்களையும் வரிசையாக நிற்க வைத்து, குனிந்து, ஒவ்வொரு சப்பாத்தின் நுனியையும் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தார். பெருவிரல் ஒவ்வொரு முறையும் உள்ளே போனது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்று சீனி ஆலைப் பெண்களின் நுனியையும் அமுக்கினார். அங்கே போகவில்லை. இரண்டாயிரம் கண்கள் பார்த்துக்கொண்டிருக்க என் பிழை பதினான்கு முறை நிரூபணமானது. நிமிர்ந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, தண்டனை இல்லை என்று கை காட்டினார்.

மிச்ச நிமிஷத்துக்கு ஈவா இரண்டு சப்பாத்தையும் கழற்றிவிட்டு மேசோடு நின்றாள். ஹெலெனா இன்னும் ஒருமுறை எறிந்தாள். ஈவா காலைச் சேர்த்து, நெஞ்சில் வாங்கினாள். விசில் ஊதியது. எட்டாவது கிண்ணம்.

சூசன்னா அம்மாள் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஊரில் இது நடந்திருந்தால் நான் குளத்தில் விழுந்திருப்பேன். அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

அந்தத் தேசத்து வழக்கப்படி தோற்றவர்கள் வென்றவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கிறார்கள். சீனி ஆலை மண்டபத்தில் இரண்டு பக்கத்தாரும் ஒரே மேசையில் இருந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் கண்ணகை அம்மனுக்குக் கொம்பு விளையாட்டு நடக்கும்போது வேறு முறை. வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து, இரண்டு வளைந்த கொம்பைக் கொளுவிக் கயிறு கட்டி இழுக்கும். எந்தப் பக்கத்துக் கொம்பு முறிகிறதோ அந்தப் பக்கம் வாயைத் திறக்கக்கூடாது. வென்றவர்கள் வீட்டு வாசலில் வந்து வசை பாடுவார்கள். கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும். நாங்கள் பரம்பரையாக வடசேரி, என் பெண்சாதி வீட்டார் தென்சேரி. ஆகையால் எனக்கு அந்த வசைகள் எல்லாம் பாடம். அன்று கிண்ணம் எங்களிடம் இருந்தது. ஆனால் கொம்பு முறிந்தது என்னிடந்தான். மேசையின் கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். யாராவது வந்து ஏசினால் நல்லது என்று இருந்தது.

ஹெலெனா வந்தாள். என் முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சப்பாத்தைக் கழற்றினாள். மேசுகளையும் கழற்றினாள். காலைத் தூக்கி வாங்கில் என் பக்கத்தில் வைத்தாள். மண்டபம் முழுவதும் கேட்கச் சொன்னாள். போர்மன் எனக்கு மாற்றிச் சொன்னார்:

“எனக்கும் அளவெடு, ஊயோ. உன்ட விரலை மட்டும் நீயே வச்சுக்கொள்.”

மண்டபம் சிரித்தது. நான் நாடாவை எடுத்தேன். வலது கையின் சுட்டுவிரலை மடக்கிப் பிடித்துக்கொண்டு ஐந்து இடத்து அளவையும் எழுதினேன். போர்மன் தன் நாடாவால் அதே காலை அளந்து, என் கடதாசியைப் பார்த்தார். மறு காலுக்குக் கை காட்டினார். அதற்குள் அடுத்தவள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு நின்றாள். அதன்பின் இன்னொருத்தி. சீனி ஆலைப் பெண்கள் ஏழு பேரும் வரிசையில் வந்தார்கள். பகிடிக்குத்தான் வந்தார்கள், ஆனால் நான் பகிடியாக அளக்கவில்லை. சூப்பு ஆறிப்போனது. டிரெக்டர் துரை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து வந்து நின்று பார்த்தார்.

பதினான்காவது காலுக்குப் பிறகு போர்மன் நாடாவைச் சுருட்டினார்.

“பதினாலு கால். ஒரு பிழையும் இல்ல,” என்றார். “ஆனா நான் சொன்ன சொல் சொன்னதுதான். நாளைக்குத் திங்கள். முதல்ல இருந்து தொடங்கு. மரக்கால் இல்ல, மனுசக் கால்.”

அப்படியே தொடங்கினேன். இரண்டு மாதம் மூன்று மாதமாயிற்று. கையெழுத்து விழுந்த பத்திரத்தோடு ஊருக்கு வந்தேன். என் பெண்சாதி பத்திரத்தை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அங்கே கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். சேர்ந்து இருக்கிறது என்றேன்.

அடுத்த வருஷம் ஈவாவிடமிருந்து கடிதம் வந்தது. போர்மன் இங்கிலீசில் எழுத, அவள் கீழே பெயர் எழுதியிருந்தாள். அவள்தான் இன்னும் கோலில் நிற்கிறாளாம். பாண் கடையில் இப்போது தாயை ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லையாம். ஆனால் ஒன்பதாவது கிண்ணம் கிடைக்கவில்லை. அதைச் சீனி ஆலைக்காரர் கொண்டுபோய்விட்டார்கள். அன்று மண்டபத்தில் நான் எழுதிய அளவுக் கடதாசியை ஹெலெனா வாங்கி வைத்திருந்தாளாம்; அதன்படி எங்கள் தொழிற்சாலையிலேயே ஏழு சோடி செய்வித்து, அதைப் போட்டுக்கொண்டுதான் ஆடினார்களாம். ஒரு சப்பாத்தும் கழலவில்லை என்று போர்மன் தனியாக ஒரு வரி எழுதியிருந்தார்.

கடிதம் வந்த அந்த வெள்ளிக்கிழமை கண்ணகை அம்மன் கோயிலுக்குப் போய்த் தேங்காய் ஒன்று உடைத்தேன். எந்தப் பக்கத்துக்காக என்று பூசை செய்யும் கட்டாடியார் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.